பொட்டு வைத்த கியூப்கள்

சென்ற மாதம் பிரியா போன் செய்தாள். நான் பணி ஓய்வு பெற்றபின் எங்கள் கல்லூரியின் கான்கிரீட் ஆய்வகத்துக்குப் பொறுப்பேற்றவள் அவள். "மேடம், இந்த வருஷம் போட்டியில எல்லா கியூப்புக்கும் கியூ.ஆர். ஸ்டிக்கர் ஒட்டறோம். போன்ல காட்டுனா எந்த டீமோடதுன்னு சொல்லிடும். தண்ணியில கெடந்தாலும் அழியாது" என்றாள். அப்புறம் சிரித்துக்கொண்டே, "அந்த ஆயுத பூஜை கதைய நம்ம டிபார்ட்மெண்ட் மலருக்கு எழுதிக் குடுங்களேன். பசங்க நான் சொன்னா கதை விடுறேங்கிறாங்க" என்றாள்.

நம்பாவிட்டால் போகட்டும். எனக்கே சில நாள் அது நடந்ததா என்று தோன்றும். ஆனால் அந்தச் சில வாரங்கள் சோறு இறங்காமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைந்தேனே, அது பொய்யில்லை.

முதலில் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள்; எனக்கு வெளிச்சத்திலும் தெரியும். "ஒடையுமா ஒடையாதான்னு பயந்துகிட்டே பார்க்குற வேலை. ஒனக்குன்னே செஞ்சு வச்சிருக்காங்க" என்று என் கணவர் கேலி செய்வார். அவர் சொன்னது சரிதான். பயப்படாதவர்கள் அந்த வேலையைச் சரியாகச் செய்ததை நான் பார்த்ததில்லை.

ஊர் பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். அம்மாவும் அப்பாவும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர்கள். நான் சிவில் டிப்ளமா முடித்தேன். வாய்க்கால் சுவர் கட்டும் வேலையில் கொஞ்ச காலம் சூப்பர்வைசராக நின்றேன். பொம்பளை சொல்லி நான் கலவை போடுவதா என்று மேஸ்திரி முறைப்பதும், நான் பதிலுக்கு முறைப்பதுமாக அது முடிந்தது. பிறகு தஞ்சாவூருக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஆய்வக வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

கியூப் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணீர் சேர்ந்த கலவையை மோல்டு என்கிற இரும்புப் பெட்டியில் நிரப்பிக் குத்தி இறுக்கி, மேலே கரணையால் தேய்த்து விட்டுவிடுவோம். மறுநாள் பெட்டியைக் கழற்றினால் அரை அடிக் கட்டி ஒன்று வரும். அதைத் தொட்டித் தண்ணீரில் இருபத்தெட்டு நாள் ஊறப்போட்டு, எடுத்துத் துடைத்து, இயந்திரத்தில் வைத்து நசுக்குவோம். கரணை பட்ட முகம் மேலே வரக்கூடாது, பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும். நட்ட நடுவில் உட்கார வேண்டும். பாரத்தை ஒரே சீராக ஏற்ற வேண்டும்; அவசரப்பட்டால் பொய்க் கணக்கு காட்டும். டயலில் கறுப்பு முள் ஏறும்போது ஒரு சிவப்பு முள்ளையும் தள்ளிக்கொண்டே போகும். கியூப் உடைந்ததும் கறுப்பு முள் கீழே விழும், சிவப்பு முள் நின்ற இடத்திலேயே நிற்கும். நல்ல கலவை நாலு பக்கமும் உதிர்ந்து உடுக்கை வடிவத்தில் நிற்கும். அந்தச் சிவப்பு முள்ளைத்தான் நான் என் வாழ்க்கையில் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எனக்கு மேலே இருந்தவர் பேராசிரியர் கரீம் சார். அதிராம்பட்டினத்துக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லாம் வளைகுடாவில் கடை வைத்திருக்க, இவர் மட்டும் கான்கிரீட்டைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார். அவருக்குக் கத்தத் தெரியாது. சாதாரணமாக என்னை "செல்வி, வா, போ" என்பார், கூடப்பிறந்தவர் மாதிரி. கோபம் வந்தால் மரியாதை ஏறும். "செல்வி, கொஞ்சம் வரீங்களா" என்றார் என்றால் எனக்குக் கை கால் ஓடாது. "தாங்கள்" வரை போனதை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். ஒருவர் வேலையையே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

சேர்ந்த புதிதில் ஒரு சாலைப் பாலத்துக்கான கியூப்கள் சோதனைக்கு வந்தன. மேலே ஊர்ப் பெயர் எழுதியிருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்து வாய்க்கால் பாலம். என் அம்மா தினமும் அதன்மேல்தான் நடக்கப் போகிறார். முள் பாதி வழியிலேயே திணற ஆரம்பித்தது. எனக்கு மனசு வராமல், பாரத்தை நிறுத்தி நிறுத்தி ஏற்றினேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த சார், "எந்த ஊர்னு ஏன் பார்த்தீங்க?" என்றார். மரியாதையில் கேட்டதால் நான் அழுதேவிட்டேன். மிச்சமிருந்த கியூப்களைச் சரியாகச் சோதித்ததிலும் தேறவில்லை. கட்டிய பக்கச் சுவரை இடித்துத்தான் மறுபடி கட்டினார்கள். அன்று முதல் எங்கள் லேபில் ஒரு வழக்கம். எந்தக் கியூப் வந்தாலும் பெயரை எடுத்துவிட்டு நான் பெயிண்டால் ஒரு குறியெழுத்துப் போடுவேன். உடைப்பவருக்கு அது யாருடையது என்று தெரியாது. "சொந்தக்காரன் தெரிஞ்சா கை வேற மாதிரி வேலை செய்யும்" என்பது சாரின் வாதம்.

அந்த வழக்கம்தான் பிற்பாடு எங்கள் கழுத்தைப் பிடித்தது.

ஓய்வுக்குச் சில ஆண்டுகள் முன்பு, மாணவர்களுக்குக் கலவைப் போட்டி நடத்தலாம் என்று சார் ஆரம்பித்தார். சுற்று வட்டாரப் பொறியியல் கல்லூரிகள், பாலிடெக்னிக்குகள் எல்லாம் வரலாம். ஒவ்வொரு அணியும் தன் கலவையைத் தானே வடிவமைத்து, எங்கள் லேபில் வந்து தன் கையால் மூன்று கியூப் போட வேண்டும். கியூப்கள் எங்கள் தொட்டியிலேயே ஊறும். குறிப்பிட்ட நாளில் எல்லோர் முன்னாலும் உடைக்கப்படும். அதிக பலம் வந்தால் வெற்றி என்று நினைக்கக்கூடாது. சார் வைத்த விதி வேறு: இலக்குப் பலம் முப்பது மெகாபாஸ்கல் என்றால் அதற்கு யார் கிட்டே நிற்கிறார்களோ அவர்களுக்குத்தான் கேடயம். கூடினாலும் தோல்வி, குறைந்தாலும் தோல்வி. "சிமெண்ட்ட அள்ளிக் கொட்டி எவனும் பலம் காட்டலாம். அளவு தெரியணும்" என்பார். வென்ற அணி சென்னையில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போகும்.

பத்துப் பன்னிரண்டு அணிகள் வந்து கியூப் போட்டுவிட்டுப் போனார்கள். வழக்கம்போல நான் குறியெழுத்துப் போட்டு, தொட்டியில் வரிசையாக இறக்கினேன். ஈரக் கான்கிரீட்டில் பெயிண்ட் அவ்வளவு கெட்டியாகப் பிடிக்காது, ஆனால் தொட்டியில் யார் கை வைக்கப் போகிறார்கள்? எந்த இடத்தில் எந்த அணி என்ற வரிசையும் எனக்கு மனப்பாடம். நான்கூட அந்தத் தடவை பயப்படாமல் இருந்தேன்.

இங்கே கோவிந்தராஜைச் சொல்ல வேண்டும். எங்கள் லேப் உதவியாளர். ஜல்லி அள்ளுவார், மோல்டு துடைப்பார், உடைந்ததைக் கூட்டுவார். பல வருஷமாகத் தற்காலிகம். அந்த ஆண்டுதான் அவரை நிரந்தரமாக்கும் ஃபைல் செயலாளர் மேசை வரை போயிருந்தது. செயலாளர் என்றால் கல்லூரியை நடத்தும் டிரஸ்டின் செயலாளர். எழுத்தில் ஒரு புகார் வந்தால் போதும், தற்காலிக ஆள் மறுநாள் வரமாட்டார். நூலகத்தில் கூட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவை அப்படித்தான் அனுப்பினார். கோவிந்தராஜுக்கு இரண்டு பெண்கள். நிரந்தரமாகிவிட்டால் பெரியவளை நர்சிங் சேர்த்துவிடலாம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கியூப்கள் ஊறிக்கொண்டிருந்த நாட்களுக்கு நடுவே ஆயுத பூஜை வந்தது. அதற்கு முந்தைய நாட்களில் லேபைக் கழுவிவிடுவது வழக்கம். கரீம் சாரும் வருஷா வருஷம் செருப்பைக் கழற்றி ஓரமாக நின்று, பொரிகடலை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். அந்த வருஷம் அவர் அக்கா மகள் நிக்காஹ்வுக்காக ஊருக்குப் போயிருந்தார். எனக்கும் ஊரில் கணவர் வீட்டு டிராக்டருக்குப் பூஜை. சாவியைக் கோவிந்தராஜிடம் கொடுத்து, "மெஷினுக்கு மட்டும் சந்தனம் வச்சாப் போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். விடுமுறையெல்லாம் முடிந்து திங்கட்கிழமை வந்தேன்.

தொட்டி பளிச்சென்று இருந்தது. அடியில் பாசி இல்லை. புதுத் தண்ணீர், கண்ணாடியாக. உள்ளே கியூப்கள் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றில்கூட எழுத்து இல்லை. எழுத்து இருந்த இடத்தில் கரைந்தும் கரையாமலும் குங்குமத் திட்டு.

குனிந்து ஒவ்வொன்றாக மறுபடி பார்த்தேன். கோவிந்தராஜ் சந்தோஷமாகக் காபி டம்ளரோடு வந்தார்.

"எப்படி இருக்குது மேடம்? ஒரு நாள் பூரா தேச்சேன்."

"என்ன பண்ணீங்க கோவிந்தராஜ்?"

"தொட்டியில பாசி வழுக்குச்சு மேடம். கியூப்பெல்லாம் வெளிய எடுத்துக் கம்பி பிரஷ்ஷால தேச்சுக் கழுவுனேன். அப்புறம் பூஜையில வச்சு எல்லாத்துக்கும் பொட்டு வச்சேன். புள்ளைங்க பாடுபட்டுப் போட்டது, அழுக்கோட வைக்க மனசு வரல. பூஜையில வச்சதை அன்னிக்கே எடுக்கக் கூடாதுல்ல? மறுநாள்தான் தண்ணியில எறக்குனேன்."

"எழுத்து எங்க?"

"எந்த எழுத்து மேடம்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. "வரிசை மாறாம அடுக்கினீங்களா?" என்றேன். அவர் நின்ற இடத்திலேயே குந்திவிட்டார்.

சார் வந்து தொட்டியைப் பார்த்தார். "நீங்க எழுந்து நாற்காலியில உக்காருங்க, கோவிந்தராஜ்" என்றார். 'நீங்க' வந்துவிட்டது. ஆனால் அதற்குமேல் மரியாதை ஏறவில்லை. "எல்லாக் கியூப்பும் ஒண்ணா வெளிய இருந்து ஒண்ணா உள்ள போச்சா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றார் கோவிந்தராஜ். "அப்ப காய்ஞ்சது எல்லாருக்கும் சமம். யாரோடது எதுங்கிறது மட்டும்தான் பாக்கி" என்றார் சார். என்னவோ சின்னப் பாக்கி மாதிரி.

பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். "போட்டிய ரத்து பண்ணா ஏன்னு கேப்பாங்க. பண்ணலன்னாலும் கேப்பாங்க. எல்லா டீமையும் வரச் சொல்லு. உண்மையச் சொல்லிடுவோம். ஆனா ஆள் பேரு வேணாம். 'எங்க லேப்ல நடந்துச்சு, பொறுப்பு நான்'னு சொல்றேன். எழுத்துல ஒரு புகார் வந்தாலும் அந்த ஆளு காலி."

கியூப் உடைக்கக் குறித்திருந்த நாளன்று, ஐப்பசி மழை தொடங்கியிருந்த காலையில் அணிகள் வந்தன. கழுவியதையும் பொட்டு வைத்ததையும் ஆள் பேர் இல்லாமல் சார் சொன்னதைக் கேட்டுச் சலசலப்பு. எங்கள் கல்லூரி அணியின் தலைவன் விக்னேஷ் எழுந்து, "எங்க காலேஜ்லயே எங்களுக்கு நியாயம் கெடைக்கலன்னா நாங்க செயலாளர்கிட்ட எழுதிக் குடுப்போம் சார்" என்றான். மன்னார்குடிப் பக்கத்துப் பாலிடெக்னிக்கிலிருந்து வந்த பெண்கள் அணியோடு ஒரு விரிவுரையாளர் வந்திருந்தார். "நாங்களும்தான். வெளியூர்க்காரங்கன்னு ஏமாத்துனா விடமாட்டோம்" என்றார் அவர். கோவிந்தராஜ் அப்போது எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்.

சார் ஒரு வழி வகுத்தார். கியூப்களையெல்லாம் நிறம், எடை, முகம் பார்த்து மூன்று மூன்றாகப் பிரித்து ஈரச் சாக்கால் மூடி வைத்தோம். ஒவ்வோர் அணியாக உள்ளே வர வேண்டும். முதலில் தங்கள் கியூப் எப்படி இருக்கும் என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் சாக்கைத் தூக்குவோம்.

ஒரு பையன், "கரணை பிடிச்சப்ப மோதிரம் பட்டுக் கீறியிருக்கும் சார்" என்றான், இருந்தது. ஓர் அணி, மோல்டில் எண்ணெய் அதிகமாகப் பூசியதால் ஒரு பக்கம் கறை என்றது; கறை இருந்தது. நாகூரிலிருந்து வந்த பையன் ஒருவன், "எங்களோடது எல்லாத்தையும் விட அசிங்கமா இருக்கும் மேடம், மூலையெல்லாம் பொத்தல்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அசிங்கமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு அணி வெளியே போகும்போதும் என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது.

கடைசியில் இரண்டு அணி, இரண்டு தொகுப்பு. இரண்டும் கறுத்த கியூப்கள், ஏனென்றால் இரண்டு அணியும் சிமெண்ட்டில் ஒரு பங்குக்குப் பதிலாக உமிச் சாம்பல் போட்டிருந்தார்கள். ரைஸ்மில் இல்லாத ஊர் நம் பக்கத்தில் ஏது? ஒரு தொகுப்பு விளிம்பெல்லாம் கூர்மையாக வழுவழுப்பாக இருந்தது. இன்னொன்றில் ஊசி குத்திய மாதிரி துளைகள். விக்னேஷ் அணி வந்து, "எங்களோடது வழுவழுப்பா இருக்கும்" என்று அதைக் காட்டியது. அபிநயா என்ற பெண் தலைமையில் பாலிடெக்னிக் அணி வந்து, அதுவும் அதையேதான் காட்டியது. துளைக் கியூப்பைத் தன்னுடையது என்று சொல்ல ஆள் இல்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. யாரும் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். வேலை முடித்துப் போகும்போது எல்லோருக்கும் தன் கியூப் அழகாகத்தான் தெரிந்திருக்கும்.

இரண்டு அணியும் நேருக்கு நேர் நின்றன. விரிவுரையாளர் கையில் பேனாவை எடுத்துவிட்டார். லேப் வாசலில் கோவிந்தராஜ் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

சார் நிதானமாகக் கேட்டார். "சாம்பல எப்படிப் பொடி பண்ணீங்க?"

"பால் மில்லுல சார், இரும்புக் குண்டு போட்டு உருட்டுற மெஷின். மாவு மாதிரி அரைச்சு மெல்லிசு சல்லடையில சலிச்சோம்" என்றான் விக்னேஷ்.

"நாங்க உரல்ல இடிச்சோம் சார். வீட்டுச் சல்லடைதான்" என்றாள் அபிநயா.

"சரி. வெளிய பார்த்தா தெரியல. ஒடைச்சு உள்ள பார்ப்போம். உள்ள என்ன சொல்லுதோ அதை ரெண்டு டீமும் ஏத்துக்கணும். சம்மதமா?" இரண்டு அணியும் சம்மதம் என்றது. விரிவுரையாளர் மட்டும் பேனாவை மூடவில்லை.

குறி போட்டவளே உடைக்கக் கூடாது என்ற வழக்கத்துக்கு அன்று அர்த்தமில்லை; இயந்திரம் என் கையில். எல்லோரும் ஏற்றுக்கொண்ட மற்ற அணிகளின் கியூப்களை முதலில் உடைத்தேன். ஒருவர் ரொம்ப மேலே, ஒருவர் ரொம்பக் கீழே. யாரும் இலக்கை நெருங்கவில்லை. பிறகு வழுவழுப்பான மூன்று. துடைத்தேன், நடுவில் வைத்தேன், பாரம் ஏற்றினேன். முள் முப்பதுக்கான இடத்துக்கு எவ்வளவோ முன்பே நின்றுவிட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் குறைவு. இரண்டு அணியின் முகங்களும் ஒன்றாக வாடின.

துளைக் கியூப்கள். முதல் கியூப்பில் சிவப்பு முள் இலக்கின்மேலேயே போய் நின்றது. இரண்டாவது, ஒரு மயிரிழை தள்ளி. மூன்றாவது உடைந்தபோது உடுக்கை நின்றது பார்க்கவே அழகு. கேடயம் அந்தத் தொகுப்புக்குத்தான், சந்தேகமே இல்லை.

"சார், இப்ப யோசிச்சா எங்களோடதுலதான் துளை இருந்த மாதிரி இருக்குது" என்றான் விக்னேஷ்.

"அப்படியா? நீங்க கொஞ்சம் முன்னாடியே யோசிச்சிருக்கலாமே" என்றார் சார்.

"அதெல்லாம் இல்ல, அது எங்க பொண்ணுங்களோடது. நான் எழுதித் தரேன்" என்று விரிவுரையாளர் குரலை உயர்த்தினார். விக்னேஷின் நண்பர்களும் கத்தினார்கள். ஒரு காகிதம் போதும். யார் எழுதினாலும் அது செயலாளர் மேசைக்குத்தான் போகும்.

அந்தச் சத்தத்தில் அபிநயா மட்டும் குனிந்திருந்தாள். தோற்ற தொகுப்பின் உடைந்த துண்டுகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு துண்டிலிருந்து எதையோ நகத்தால் பெயர்த்து எடுத்தாள். நான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை. அவள் கையை மூடிக்கொண்டு எழுந்தாள்.

தோற்றது அவர்களுடையது என்று அவள் முகத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கோவிந்தராஜ் நிற்க வேண்டும் என்றும் ஆசை. அவள் மறைத்தால் இந்தச் சண்டை புகார்க் காகிதத்தில்தான் முடியும்; இரண்டும் சேர்ந்து நடக்காது என்று எனக்குத் தெரியும். சொல்லு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை, சொல்லாதே என்றும் முடியவில்லை. மூடிய கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது ஒரு நிமிஷம் இருக்குமோ என்னவோ, எனக்கு உயிர் போய்வந்தது.

அவள் நேராகச் சாரிடம் போய்க் கையைத் திறந்தாள்.

உள்ளங்கையில் கரிந்துபோன கருக்கா ஒன்று இருந்தது. பால் பிடிக்காத பொக்கு நெல், உருவம் கெடாமல் கறுத்திருந்தது.

"இது தோத்த கியூப்புக்குள்ள இருந்துச்சு சார். பால் மில்லுல அரைச்சா இது முழுசா வராது. எங்க சல்லடை ஓரத்துல கொஞ்சம் கிழிஞ்சிருந்துது. அது எங்களோடதுதான்."

"ஏய், என்ன பேசற?" என்றார் விரிவுரையாளர்.

"எங்களோடதுதான் சார்" என்றாள் மறுபடி. சார் ஜெயித்த துண்டுகளை லென்ஸ் வைத்துத் துருவிப் பார்த்தார். ஓர் உமித் துணுக்குகூட இல்லை. கேடயம் விக்னேஷ் கைக்குப் போனது. அவன் வாங்கும்போது அந்தப் பக்கம் பார்க்கவில்லை. விரிவுரையாளர் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். கோவிந்தராஜ் உள்ளே வந்து துண்டுகளைக் கூட்ட ஆரம்பித்தார்.

தூறலில் அந்தப் பெண்களை பஸ் ஏற்றிவிட கேட் வரை போனேன். அபிநயா என் குடைக்குள் வந்தாள்.

"மேடம், அந்த அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"எந்த அண்ணன்?"

"கூட்டுனாரே, அவரு. அவர்தான பொட்டு வச்சது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லல மேடம். எங்க அப்பா நெல் கொள்முதல் நிலையத்துல மூட்டை தூக்குறாரு. டெம்பரரிதான். மூட்டை ஏதாவது கிழிஞ்சுபோச்சுன்னா ஆபீசர் முன்னால இப்படித்தான் நிப்பாரு. யாரு மூஞ்சியையும் பார்க்க மாட்டாரு."

கேட்கக் கூடாதுதான். ஆனாலும் கேட்டுவிட்டேன். "அதுக்காகவாம்மா கையத் தொறந்தே?"

கொஞ்சம் யோசித்தாள். "அது எங்களோடதுதான் மேடம், பொய் சொல்லல. ஆனா சொல்லணும்னு மொதல்ல நெனைக்கல. கீழ போட்டு மிதிச்சிடலாம்னுதான் கைய மூடுனேன். அப்ப அவரு நின்னதப் பார்த்தேன்." பஸ் வந்து நின்றது. படியில் ஏறித் திரும்பினாள். "ஒண்ணும் ஆகாதுல்ல மேடம்?"

"ஆகாது" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

நேராகக் கரீம் சார் அறைக்குப் போனேன். "சார், கோவிந்தராஜ் ஃபைல்ல இன்னிக்கே கையெழுத்து வாங்கணும்."

"இன்னிக்கு வேணாம் செல்வி. கொஞ்ச நாள் போகட்டும். விஷயம் ஆறட்டும்."

"ஆறுனா யாராவது வேற மாதிரி சொல்லிடுவாங்க சார். நாமளே சொல்லிடுவோம்."

சார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எழுந்தார். அத்தனை வருஷத்தில் கூப்பிடாமல் நான் செயலாளர் அறைக்குள் போனதில்லை. அன்று நான்தான் கதவைத் தட்டினேன், சார் எனக்குப் பின்னால் நின்றார். கழுவியது யார், பொட்டு வைத்தது யார், எல்லாம் சொன்னேன்.

"எழுத்துல புகார் வந்திருக்கா?" என்றார் செயலாளர்.

"வரல சார். தோத்துப்போன பொண்ணு கெளம்பும்போது ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. அவருக்கு ஒண்ணும் ஆகாதுல்லன்னு. ஆகாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"யாரையும் கேக்கல சார்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை வலுத்திருந்தது. பிறகு அடுக்கிலிருந்து அந்த ஃபைலை இழுத்துத் திறந்து, மேசையில் பேனாவைத் தேடினார். நான் என் பேனாவை நீட்டினேன். அது கை நழுவித் தரையில் உருண்டது. நான் குனிவதற்குள் அவரே நாற்காலியிலிருந்து எழுந்து குனிந்து அதை எடுத்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.